நம் தொகுதியும் நாடாளும் மன்றமும்



தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு 234 தொகுதிகள் உள்ளன. அவற்றின் பெயர்ப் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால், ‘தொட்டியம்’ என்னும் பெயர் அதில் காணப்படாது. 2006-ஆம் ஆண்டுத் தேர்தல் வரையில் அப்பெயர் இருந்தது. 2008-ஆம் ஆண்டில் எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது அத்தொகுதி மறைந்தது. ஊர் மறைந்துவிடவில்லை. காவிரியின் வடகரையில் வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் சூழ அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. மதுரகாளியம்மனின் தேரும் அங்கேயே ஓடுகிறது. ஆனால் அவ்வூர் வாக்காளர்கள் இப்போது சட்டமன்றத்துக்கு முசிறித் தொகுதியிலும், மக்களவைக்குப் பெரம்பலூர்த் தொகுதியிலும் வாக்களிக்கிறார்கள். அதற்கு முன்னர் அவர்கள் மக்களவைக்குக் கரூர்த் தொகுதியில் வாக்களித்து வந்தார்கள்.

“பெயர் போயிற்றே! இனி நம் ஊருக்காகப் பேசுவார் யார்?” என்று ஒருவர் கேட்டால், அது வெறும் ஊர்ப்பற்றினால் எழுந்த கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. பிரதிநிதித்துவம் என்பதன் உட்பொருளையே தொடுகின்ற கேள்வி அது. தொகுதியின் கோட்டை வரைகிறவர் யார்? அந்தக் கோட்டுக்குள் இருந்து செல்லும் ஒருவர், தில்லியில் உள்ள பெரிய மன்றத்தில் எவ்வாறு பேசுகிறார்? அவர் யாருக்காகப் பேசுகிறார்? இம்மூன்றையும் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் கோட்டைப் பார்ப்போம். தொகுதி என்பது மலையைப் போலவோ ஆற்றைப் போலவோ இயற்கையாக அமைந்ததன்று. மக்கள்தொகையைக் கணக்கிட்டு, ஏறக்குறைய ஒரே அளவான பகுதிகளாகப் பிரித்து, மனிதர் வகுத்துக்கொள்ளும் எல்லை அது. நம் அரசியலமைப்பு இந்த வேலையை ஆளும் கட்சியிடம் விடவில்லை. பாராளுமன்றம் இயற்றும் சட்டத்தின்படி அமைக்கப்படும் எல்லை வரையறை ஆணையத்திடம் விட்டிருக்கிறது. 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களின்படி இதுவரை நான்கு ஆணையங்கள் அமைந்தன. நான்காவது ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி குல்தீப் சிங் தலைவராக இருந்தார். 2001-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு அது வரைந்த எல்லைகளே 2008-இல் நடைமுறைக்கு வந்தன. ஆணையம் தன் உத்தேச எல்லைகளை முதலில் வெளியிட வேண்டும். மக்களின் ஆட்சேபங்களைப் பொது அமர்வில் கேட்க வேண்டும். அதன் இறுதி ஆணை வந்துவிட்டால், எந்த நீதிமன்றத்திலும் அதனை எதிர்த்து வழக்காட இயலாது. எனவே பேச வேண்டிய காலம் கோடு வரையப்படும் காலமே. வரைந்த பின்னர் வருந்துவதில் பயனில்லை.

இப்படி வரைந்த கோடு சில இடங்களில் விந்தையாகவும் அமைவதுண்டு. பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்குகின்றன: பெரம்பலூர், துறையூர், முசிறி, மண்ணச்சநல்லூர், இலால்குடி, குளித்தலை. இவற்றுள் பெரம்பலூர் தனி மாவட்டம். குளித்தலை கரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மற்ற நான்கும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. காவிரிக்கு வடகரையும் தென்கரையும் ஒரே உறுப்பினரின் பொறுப்பில் இருக்கின்றன. திருவரங்கமோ, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே நமக்கு அண்மையில் இருந்தும், திருச்சிராப்பள்ளி மக்களவைத் தொகுதியில் புதுக்கோட்டையோடும் கந்தர்வக்கோட்டையோடும் சேர்ந்திருக்கிறது. ஆகையால், தொகுதி என்பதை ஊர்க் குடும்பமாக எண்ணிக்கொள்வதைவிட, ஒரே பிரதிநிதியைப் பகிர்ந்துகொள்ளும் பல ஊர்களின் கூட்டாக எண்ணுவதே பொருந்தும்.

அந்தக் கூட்டு எவ்வளவு பெரிது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் நாடெங்கும் சுமார் 17 கோடியே 30 இலட்சம் வாக்காளர்கள் இருந்தனர். மக்களவைக்கு 489 இடங்கள். ஓர் இடத்துக்குச் சராசரி மூன்றரை இலட்சம் வாக்காளர்கள். 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர்கள் ஏறத்தாழ 97 கோடி, இடங்கள் 543. இப்போது ஓர் உறுப்பினருக்குச் சராசரி 17 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். நம் தமிழ்நாட்டில் 39 உறுப்பினர்கள். சராசரி 16 இலட்சம். ஒருவர் ஒரு நாளைக்கு நூறு வாக்காளர்களைக் காண்பதென்று விரதம் பூண்டாலும், 16 இலட்சம் பேரையும் கண்டு முடிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவருடைய பதவிக்காலமோ ஐந்தே ஆண்டுகள்!

சராசரிக்குள் மறைந்து கிடக்கும் ஏற்றத்தாழ்வு ஒன்றும் உண்டு. இலட்சத்தீவின் உறுப்பினர் அறுபதினாயிரத்துக்கும் குறைவான வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். ஐதராபாத்தை அடுத்த மல்காஜ்கிரித் தொகுதியில் வாக்காளர்கள் 30 இலட்சத்துக்கும் அதிகம். இருவருக்கும் மன்றத்தில் ஒவ்வொரு வாக்கே. இத்தகைய ஏற்றத்தாழ்வு முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே ஓல்டு சாரம் என்னும் பாழூருக்கு, விரல்விட்டு எண்ணத்தக்க வாக்காளர்களே இருந்தும், இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். ஆலைகள் நிறைந்து வளர்ந்த மான்செஸ்டர் நகருக்கோ ஒருவரும் இல்லை. 1832-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டமே அக்குறையை நீக்கிற்று. கோட்டை அவ்வப்போது மாற்றி வரைய வேண்டியதன் காரணம் இதுதான். தொட்டியம் தன் பெயரை இழந்ததும் இந்த நியாயத்தின் பொருட்டே.

ஆயினும், மக்கள்தொகை ஒன்றே அளவுகோல் என்று கொண்டால் வேறொரு சிக்கல் எழுகிறது. 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து மக்களவைக்கு 41 உறுப்பினர்கள் சென்றார்கள். 1967-இல் அந்த எண்ணிக்கை 39 ஆகக் குறைந்தது. மற்ற மாநிலங்களை நோக்க இங்கே மக்கள்தொகை மெதுவாகப் பெருகியதே காரணம். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த மாநிலம் அதற்காகவே தன் குரலின் வலிமையை இழப்பது முறையா என்ற கேள்வி பிறந்தது. அதன் பயனாக, 1976-இல் நிறைவேறிய 42-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 1971-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாநிலங்களுக்கு அமைந்த இடங்களை மாற்றாமல் நிறுத்தி வைத்தது. 2001-ஆம் ஆண்டின் 84-ஆம் திருத்தம், 2026-ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கு வெளியாகும் வரையில் அந்த ஏற்பாட்டை நீட்டித்தது. 2008-இல் மாநிலத்துக்குள் கோடுகள் மாறியும், நம் மாநிலத்தின் மொத்தம் 39 ஆகவே நின்றதற்குக் காரணம் இதுவே.

ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு என்பது ஒரு நீதி. கூட்டாட்சியில் சேர்ந்த ஒவ்வொரு மாநிலமும் கேட்கப்பட வேண்டும் என்பது மற்றொரு நீதி. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது எதனை விட்டுக்கொடுப்பது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதற்காகவே இரண்டு அவைகளை அமைத்தார்கள். கீழவையில் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள். மேலவையாகிய செனட்டிலோ, பெரிய கலிபோர்னியாவுக்கும் சிறிய வயோமிங்குக்கும் ஒரே அளவாக இரண்டிரண்டு இடங்கள். நம் மாநிலங்களவை அவ்வாறு சமமாக அமைக்கப்படவில்லை. அதன் 245 இடங்களில் தமிழ்நாட்டுக்கு 18. உத்தரப் பிரதேசத்துக்கு 31. தொட்டியத்தில் பிறந்த சிற்றலையை மன்னார்க் கடலளவும் கொண்டு செல்வது போலத் தோன்றினும், கேள்வி ஒன்றே: கோடும் எண்ணிக்கையும் மாறும்போது யாருடைய குரல் தளர்கிறது? உங்கள் தலைமுறை விடை காண வேண்டிய கேள்வி இது. இரு பக்கத்து நியாயங்களையும் அறிந்தவர்களே அதற்கு நல்ல விடை காண முடியும்.

மாநிலங்களவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்போர் சட்டமன்ற உறுப்பினர்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அவர்களின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவர். அந்த அவை கலைக்கப்படுவதில்லை. நம் சட்டமன்றத்தில் ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடந்தால், வெற்றி பெற 34 சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குப் போதும். ஆகவே, முசிறியில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தொட்டியத்து வாக்காளர், தாம் அறியாமலே தில்லியின் மற்றோர் அவைக்கும் ஆள் அனுப்புகிறார்.

இனி மன்றத்துக்குள் நுழைவோம். ஓர் எடுத்துக்காட்டைப் பின்பற்றிச் சென்றால் அதன் அமைப்பு எளிதில் விளங்கும். திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூருக்குச் செல்லும் இரயில் பாதை காவிரியின் தென்கரையில், குளித்தலை வழியாகச் செல்கிறது. வடகரையில் முசிறிக்கும் தொட்டியத்துக்கும் இரயில் இல்லை. ‘வடகரைக்கும் ஒரு பாதை அமைக்க ஆராய்வீர்களா?’ என்று கேட்க விரும்புகிறோம் என வைத்துக்கொள்வோம். இரயில்வே மத்திய அரசின் பட்டியலில் உள்ள துறை. எனவே சட்டமன்ற உறுப்பினரிடம் மட்டும் முறையிட்டால் முடியாது. மக்களவை உறுப்பினர் கேட்க வேண்டும். வாழைக்கு நோய் கண்டால் வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது; சென்னையில் கேட்க வேண்டும். கல்வியோ 1976 முதல் பொதுப்பட்டியலில் இருக்கிறது, இரண்டிடத்திலும் கேட்கலாம். கதவு தெரியாமல் தட்டுவதனால் பல நல்ல கோரிக்கைகள் வீணாகின்றன.

நம் உறுப்பினர் பதினைந்து நாட்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து ஒரு கேள்வி எழுப்பலாம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் விடை கூற வேண்டும். துணைக் கேள்விகளும் கேட்கலாம். ஒரு நாளைக்கு இத்தகைய கேள்விகள் இருபது. குறியிடாத கேள்விகள் 230 வரை. அவற்றுக்கு எழுத்தில் விடை. எவருடைய கேள்வி முதலில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அமைச்சரின் விடை அச்சிட்ட ஆவணமாகி நிலைக்கிறது. ‘ஆராய்வோம்’ என்று அவர் சொல்லிவிட்டால், அது வாக்குறுதியாகக் கருதப்பட்டு, நிறைவேறிற்றா என்று பார்ப்பதற்கென்றே அரசின் உறுதிமொழிகள் குழு ஒன்று இருக்கிறது. இரயில்வேக்கான மானியக் கோரிக்கைகளை இரயில்வே நிலைக்குழு ஆராய்கிறது. 1993 முதல் துறைதோறும் இவ்வகை நிலைக்குழுக்கள் அமைந்தன. 2004-இல் அவை 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21 பேர், மாநிலங்களவையினர் 10 பேர். கட்சிச் சண்டையின் ஓசை குறைவாகவும், கணக்கும் காரணமும் மிகுதியாகவும் உள்ள இடம் இக்குழுக்களே. செய்தித்தாள் படிப்போர் இவற்றை அதிகம் காண்பதில்லை.

குழுக்களால் ஆட்சி நடத்துவது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஆள் தெரிந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வேலைக்கொரு வாரியம் இருந்தது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். ஆனால் அந்தக் குடத்தில் எல்லாருடைய பெயரும் விழவில்லை. நிலமும் கல்வியும் உடைய அந்தண ஆடவரின் பெயர்களே விழுந்தன. உழுதவர் பெயரும் பெண்டிர் பெயரும் அதில் இல்லை. கணக்குக் கேட்கும் பண்பை அவர்களிடமிருந்து கற்போம். குடத்தைப் பெரிதாக்கும் வேலையை நம் அரசியலமைப்பு செய்தது. இன்று கணக்குக் கேட்பது பொதுக் கணக்குக் குழு. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே அதற்குத் தலைவராவது மரபாகிவிட்டது. மக்களவையில் 84 இடங்கள் பட்டியல் சாதியினருக்கும், 47 இடங்கள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. 2024-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் 74 பேர். மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் 106-ஆம் திருத்தம் 2023-இல் நிறைவேறிற்று.

தனி ஒருவரால் அங்கே என்ன செய்ய இயலும் என்று நீங்கள் ஐயுறலாம். அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவைத் தனியார் மசோதா என்பர். விடுதலைக்குப் பின் அவ்வாறு வந்து சட்டமானவை பதினான்கே. கடைசியானது 1970-இல் நிறைவேறியது. அதன் பின்னர் எந்தத் தனியார் மசோதாவும் இரு அவைகளையும் கடந்து சட்டமாகவில்லை. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா அவர்கள் கொண்டுவந்த மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றிற்று. அது மக்களவையைக் கடந்து சட்டமாகவில்லை. ஆயினும் பேசப்படாதிருந்த மக்களைப் பற்றி நாடு பேசத் தொடங்கிற்று. அரசே வேறொரு மசோதாவைக் கொண்டுவந்து, 2019-இல் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் நிறைகுறைகளைப் பற்றி விவாதம் உண்டு. ஒரு குரல் கதவைத் திறக்க முடியும் என்பதில் விவாதமில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உறுப்பினர் யாருக்காகப் பேசுகிறார்? 1774-இல் பிரிஸ்டல் நகர மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்மண்டு பர்க், ‘உங்கள் ஏவலைச் செய்யும் தூதனல்லேன், நாடு முழுவதன் நன்மையை என் அறிவைக் கொண்டு எண்ணிச் சொல்வதே என் கடமை’ என்னும் கருத்துப்பட அவர்களிடமே பேசினார். ஆறே ஆண்டுகளில் அவ்வூர் மக்களின் ஆதரவை இழந்து அத்தொகுதியை விட்டு விலக நேர்ந்தது. அவர் கொள்கையில் உண்மை உண்டு; மக்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. நம் நாட்டில் மூன்றாவது ஒரு கயிறும் இருக்கிறது. 1952-இல் திருச்சிராப்பள்ளித் தொகுதி, எந்தக் கட்சியையும் சாராத டாக்டர் மதுரம் அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிற்று. பின்னர் கட்சிகளே களத்தை நிறைத்தன. பதவிக்காகக் கட்சி மாறும் தீமையை ஒழிக்க 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அதன்படி, கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்கக்கூடும். ஆகவே இன்றைய உறுப்பினரைத் தொகுதியும் கட்சியும் மனச்சான்றும் மூன்று பக்கமாக இழுக்கின்றன.

வாக்களிப்பில் அவர் கை கட்டப்பட்டிருக்கலாம். கேள்வி கேட்பதற்கும், குழுவில் ஆராய்வதற்கும், மனுவை அவைமுன் வைப்பதற்கும் கொறடாவின் தடை இல்லை. இந்த இடத்தில்தான் வாக்காளரின் வலிமை நுழைய முடியும். குடிமக்கள் எழுதும் மனுவில் உறுப்பினர் ஒருவர் கையொப்பமிட்டு மக்களவையில் அளிக்கலாம். அதனை ஆராய மனுக்கள் குழு இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் நடப்பதற்கு மன்றம் கூட வேண்டும். முதல் மக்களவை தன் ஐந்தாண்டுக் காலத்தில் 677 நாட்கள் கூடியது. பதினேழாவது மக்களவை 274 நாட்களே கூடியது. ஒரு நாள் கூச்சலில் கலைந்தால், இருபது கேள்விகள் வாய்மொழி விடையின்றிப் போகின்றன. அவற்றுள் ஒன்று நம் ஊர்க் கேள்வியாகவும் இருக்கலாம்.

ஆகையால், தொட்டியம் தன் பெயரை இழந்ததனால் தன் குரலை இழந்துவிட்டதா என்றால், இழக்க வேண்டியதில்லை என்பதே என் விடை. கோடு நமக்கு எடையைத் தருகிறது. மன்றம் கருவிகளைத் தருகிறது. பேச வேண்டிய பொருளையோ வாக்காளர்களே தர வேண்டும். பெயர் பெற்ற தொகுதியாக இருந்தும், கேட்க வேண்டியதைக் கேளாத ஊருக்குப் பெயரினால் பயனில்லை.

மாணவர்களே, பதினெட்டு வயது நிரம்பும்வரை உங்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆயினும் கேட்பதற்கு வயது வரம்பில்லை. உங்கள் உறுப்பினர் எத்தனை கேள்விகள் கேட்டார், எந்தக் குழுவில் இருக்கிறார், என்ன விடை பெற்றார் என்பன பாராளுமன்றத்தின் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றை எடுத்துப் படியுங்கள். உங்கள் ஊருக்கு வேண்டியது ஒன்றைத் தேர்ந்து, அது எந்தப் பட்டியலில் அடங்குகிறது என்று பாருங்கள். பிறகு அதற்குரியவருக்குத் தெளிவான தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள். விடை வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.